நாலாம் நம்பர் பாட்டிலின் வாசனை

இல்லை, புகை பிரச்சினையே இல்லை. எல்லோரும் அங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். புகை பறந்து போகிற சமாச்சாரம், ஜன்னலைத் திறந்தால் அதுபாட்டுக்குக் கிளம்பிவிடும். மறுநாள் காலையில் திரைச்சீலையில் ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதுதான் பிரச்சினை. நமக்காகவே காத்திருந்த கடன்காரன் மாதிரி ஒரு நாற்றம். அதைத்தான் என் மனைவியால் தாங்க முடியாது.

தாங்கிக்கொள் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அவளுக்கு மூக்குதான் சோறு போடுகிறது. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. நீளமான மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக மோந்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, துப்பிவிட்டு, மார்க் போட்டுக்கொண்டே நகர வேண்டும். ஆபீசில் அவளுக்குப் பெயரே 'மூக்கு மேடம்'. காலை ஒன்பது மணிக்கு முதல் கிண்ணத்தில் குனியும்போது, அதில் என்னுடைய நேற்றைய சுருட்டு மிதந்தால் என்ன ஆகும்? ஒருமுறை ஆகியும்விட்டது. நல்ல தேயிலைக்கு 'ஈரச் சாம்பல்' என்று எழுதிவிட்டு வந்தாள். அன்றைக்கே என்னை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எட்டு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவேன். அவள் வர ஆறாகிவிடும். ஏழு மணிக்குச் சமையல், துணி, போன் என்று வீடு விழித்துக்கொள்ளும். ஆக எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஆறிலிருந்து ஏழு வரை அந்த ஒரு மணி நேரம்தான். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சுருட்டு, அதுவும் அந்த நேரத்தில்தான். நான் மொட்டை மாடியில் நாலு குடும்பத்துத் துணிகளுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். அவள் கீழே ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டி, மஞ்சள் வெயில் சுவரில் ஏறுவதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே வாயேன் என்றால் வரமாட்டாள். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள், மூன்று மாடி எப்படி ஏறுவாள்? விட்டுவிடலாமே என்பீர்கள். நானும் இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் அந்த ஒரு மணி நேரமும் அவளோடு எதற்கெடுத்தாலும் சண்டை போட்டேன். அவளே சுருட்டுப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்து மேலே துரத்தினாள்.

கல்யாணமாகி ஒன்பது மாதம். கணக்குப் போட்டால் எங்களுக்கென்று இருந்த நேரமெல்லாம் மாடிப்படிக்கு மேலும் கீழுமாகப் பிய்ந்து கிடந்தது. ஒருநாள் அவளே சொன்னாள்:

"மறுநாள் நாறாத சுருட்டு ஒண்ணு கண்டுபிடி. உள்ளேயே உக்காந்து பிடி. நானும் எத்தனை நாள்தான் சுவரோட குடும்பம் நடத்துறது?"

சுருட்டுக்கடை அண்ணனிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் எனக்கு ஏதோ தீராத வியாதி என்பது போலப் பார்த்தார். "வீட்டம்மாவுக்குப் பிடிச்ச சுருட்டுன்னு உலகத்துல எதுவும் கிடையாது தம்பி. கொஞ்சம் திட்டு வாங்குற சுருட்டு, நிறைய திட்டு வாங்குற சுருட்டு, ரெண்டே ரகம்தான்" என்றார். ஆனாலும் ஆறு வகை எடுத்துப் போட்டார். வெனிலா தடவியது, தேன் நிறத்தில் மெலிந்தது, விரல் பருமனில் குட்டையானது, இப்படி. அதில் ஒன்று என் உயிர். கரேலென்று எண்ணெய் மினுங்குகிற பெரியது. நான் அதைக் கறுப்பன் என்றுதான் கூப்பிடுவேன். கடையில் மிச்சம் இரண்டே இரண்டு கறுப்பன்கள் இருந்தன. அடுத்த சரக்கு வரப் பல வாரம் ஆகும் என்றார். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

பையை விரித்துக் காட்டியதும் மூக்கு மேடம் ஆபீஸ் முகத்துக்கு மாறிவிட்டாள். நாளுக்கு ஒன்றாகப் பற்றவைத்து 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு' என்று கேட்கிற வேலையெல்லாம் ஆகாதாம். பெயர் தெரிந்தால் மூக்கு பொய் சொல்லுமாம். பழைய திரைச்சீலை ஒன்றை ஏழு துண்டாக வெட்டினாள். ஏழு ஜாம் பாட்டில்களைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். அவள் ஆபீசில் இருக்கும்போது நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு துண்டைக் கொடியில் தொங்கவிட்டு, ஒரு சுருட்டைக் கடைசிவரை பிடிக்க வேண்டும். பிறகு துண்டை பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி நம்பர் ஒட்ட வேண்டும். எந்த நம்பர் எந்தச் சுருட்டு என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

ஆறு சுருட்டுக்கு ஏன் ஏழு பாட்டில் என்று கேட்டேன். ஒரு சுருட்டு மட்டும் இரண்டு பாட்டிலில் வர வேண்டுமாம், எது என்று அவளுக்குத் தெரியக் கூடாதாம். ஆபீசிலும் அப்படித்தான். ஒரே தேயிலையை இரண்டு கிண்ணத்தில் ஒளித்து வைப்பார்கள். ருசி பார்க்கிறவர் இரண்டுக்கும் ஒரே மார்க் போட வேண்டும். போடாவிட்டால் குறை தேயிலையில் இல்லை, மூக்கில். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கே அந்தப் பரீட்சை இருந்தது. தேறினால் மேஜையின் தலைமாட்டு இடம் கிடைக்கும். "அதுக்கு இது ஒத்திகை" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் ஏதோ கனவுக்குள் வாழ்ந்தேன். குளியலறை ஜன்னலில் பதித்த சொரசொரப்புக் கண்ணாடி வழியாக வெயில் பால் மாதிரி வரும். புகை அதில் மெதுவாகத் திரும்பிப் படுக்கும். தொங்குகிற துண்டு கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குடிக்கும். கவிழ்த்த வாளியில் ராஜா மாதிரி உட்கார்ந்து, லென்ஸ் வழியாகப் பார்க்கிற உலகம் போல ஓரங்கள் வளைந்து மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அரை மணி நேரம் மின்விசிறியை ஓடவிட்டு, தரையைத் துடைத்து, நல்ல பிள்ளையாகச் சோபாவில் காத்திருப்பேன்.

ஒரே ஒரு தப்பு செய்தேன். இரண்டாம் நம்பருக்கு முதல் கறுப்பனைக் கடைசிவரை பிடித்தேன். நாலாம் நம்பருக்கு அடுத்த கறுப்பன். மூன்றில் ஒரு பங்கு போனபோது மனசு கேட்கவில்லை. உலகத்தின் கடைசிக் கறுப்பனை ஒரு கிழிந்த திரைச்சீலைக்கு ஊட்டி முடிப்பதா? சோப்புக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அது தானாக அணைந்தது. மிச்சத்தை ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் போட்டு என் பையின் அடியில் ஒளித்தேன். துண்டு பாட்டிலுக்குள் போனது. தாளில் 'நாலு: கறுப்பன்' என்று மட்டும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் திட்டில் ஏழு பாட்டில்கள் வெயிலோடு நின்றன. அவள் தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றில், வாயில் காப்பிகூடப் படாமல் வந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறப்பாள், கண்ணை மூடுவாள், எங்கேயோ போய்விட்டு வருவாள். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு ஊர் இருந்த மாதிரியும், அவள் அங்கே இறங்கி இரண்டு தெரு நடந்துவிட்டு வந்த மாதிரியும் இருந்தது. ஒன்றாம் நம்பர், மழையில் நனைந்த நாய் படுத்திருந்த கார் சீட். பத்துக்கு நாலு மார்க். இரண்டாம் நம்பர், தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு. இரண்டு மார்க். மூன்று, யாரோ சண்டை போட்டுக்கொண்டே சுட்ட கேக். நாலாம் நம்பரைத் திறந்தாள். மூச்சு வெளியே வரவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"வெயில்ல வச்ச மரப்பெட்டி. உள்ளே காஞ்ச திராட்சை. யாரும் இன்னும் திறந்து பாக்கல."

எட்டு மார்க். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஏழையும் முடித்துவிட்டு, ஜோடி மூன்றும் ஏழும்தான், சந்தேகமே இல்லை என்றாள். உறையைக் கிழித்துத் தாளைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

ஜோடி, இரண்டும் நாலும்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து தேயிலை டப்பாக்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தாள். முகத்தில் எந்த ஊரும் வரவில்லை. கடைசி டப்பாவை மூடிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஒரே சுருட்டு. ஒண்ணுக்கு ரெண்டு, இன்னொண்ணுக்கு எட்டு" என்றாள். "நீ எதை வேணா இங்கேயே பிடி. என் மூக்குக்குத்தான் எதுவும் தெரியலையே. வெள்ளிக்கிழமை நான் போகப் போறதில்ல."

பாருங்கள், ஒன்பது மாதமாக நான் கேட்டது அதுதான். உள்ளேயே, அவள் பக்கத்திலேயே, எதை வேண்டுமானாலும். கையில் வைத்துவிட்டாள். பேசாமல் வாங்கிக்கொண்டால் முடிந்தது. வாயைத் திறந்தால் எட்டு மார்க்கும் போச்சு, மறுபடி தண்ணீர்த் தொட்டி. ஆனால் அவள் விரலால் தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

போய் பையைக் குடைந்தேன். மூக்குக்கண்ணாடிப் பெட்டியை அவள் மடியில் வைத்துத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், சோப்புக் கிண்ணம் வரை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மிச்சக் கறுப்பனை எடுத்து, கருகிய முனையை மோந்தாள், மறுமுனையை மோந்தாள். இரண்டாம் பாட்டிலைத் திறந்து மோந்தாள். நாலாம் பாட்டிலை மோந்தாள். முகத்தில் விளக்கு ஏறுவது தெரிந்தது.

"அப்போ என் மூக்கு சரி."

"உன் மூக்கு சரி. நான்தான் திருடன்."

"அதை நான் ஒம்பது மாசமா மோந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். பிறகு அவசரமாக, "எத்தனை நிமிஷம் பிடிச்சே? அணைச்சியா, தானா அணைஞ்சுதா? நசுக்கினியா?" என்றாள்.

அப்படித்தான் கண்டுபிடித்தோம். எந்தச் சுருட்டு என்பதில் இல்லை விஷயம், எவ்வளவு தூரம் போகிறோம் என்பதில் இருந்தது. முதல் பங்கு முழுக்க இலை பேசுகிறது. அதற்கப்புறம் உள்ளே சேர்ந்துகொண்டே போகிற கசடு பேச ஆரம்பிக்கிறது. திரைச்சீலைக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கடைசிப் பேச்சுதான். நசுக்கினால் இன்னும் மோசம். அவள் தேயிலை ஊறவைக்க வைத்திருக்கும் ஆறு நிமிட மணல் கடிகாரத்தை எடுத்து வந்தாள். மூன்று முறை கவிழ்க்கலாம், அதற்கு மேல் கிடையாது, தானாக அணைய விட வேண்டும். இதுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை போனாள். ஒளித்து வைத்த ஜோடிகள் எல்லாவற்றையும் பிடித்துவிட்டு வந்தாள். தலைமாட்டு இடம் அவளுக்குத்தான். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியிலிருந்த அந்த மிச்சக் கறுப்பனைக் கேட்டேன். பழையதைத் திரும்பப் பற்றவைத்தால் பழைய நாற்றம்தான் வரும் என்று சொல்லி, புதிதாக வாங்கி வந்திருந்த தேன் நிறத்து ஒல்லியை நீட்டினாள். அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவள் ஜன்னலோர நாற்காலியில், நான் அவள் காலடியில். மணல் இறங்குகிற சத்தம் கேட்காது என்பார்கள். எங்களுக்குக் கேட்கும். வெயில் சுவரில் ஏறுவதை இரண்டு பேரும் பார்க்கிறோம். அவள் அன்றைய கிண்ணங்களைச் சொல்வாள், நான் அன்றைய கண்களைச் சொல்வேன். மூன்றாவது முறை மணல் தீர்ந்ததும் சுருட்டைச் சாய்த்து வைப்பேன். மிச்ச நேரத்துக்கு வெறும் கையோடு உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன். அலமாரியில் மூன்றில் இரண்டு பங்குச் சுருட்டுகள் மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாகத் தூங்குகின்றன. அவற்றை என்ன செய்வது என்று அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

நேற்று கடையில் புதிய கறுப்பன்கள் வந்திருந்தன. ஒன்று வாங்கி வந்து பற்றவைத்தேன். மூன்றாவது மணல் தீர்ந்தது. நான் சாய்த்து வைக்கக் கையை நீட்டினேன். அவள் ஏதோ பேசிக்கொண்டே கடிகாரத்தை நாலாவது முறை கவிழ்த்தாள். மறந்து கவிழ்த்தாளா, தெரிந்தே கவிழ்த்தாளா? நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆறு நிமிடம் உடைந்துவிடும் போல இருந்தது. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு பிடித்தேன்.

இன்று காலை எழுந்ததும் நேராகத் திரைச்சீலைக்குப் போனாள். முகத்தை அதற்குள் புதைத்து ரொம்ப நேரம் நின்றாள். ஒரு சின்னத் தாளில் ஏதோ எழுதி, நாலாக மடித்து, என் லென்ஸ் பெட்டிக்குள் போட்டு, "ஆறு மணிக்குத்தான் பிரிக்கணும், சார்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

இப்போது கடையில் விளக்குக்கு அடியில் அந்தத் தாள் என் முன்னால் இருக்கிறது. பிரிக்கவில்லை, சத்தியமாக. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், அவ்வளவுதான். வளைந்து வளைந்து ஒரே ஒரு மார்க் நிழலாகத் தெரிகிறது. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். சொல்லுங்களேன், ஒருத்தி திரைச்சீலைக்குள் அத்தனை நேரம் முகத்தைப் புதைத்து நின்றால், அது எந்த எண்ணாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?