முதலிடத்தில் ‘போயிட்டு வரேன்’

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறதே என்று கண்ணைக் காட்டப் போயிருந்தேன். கண் பார்க்கிற அம்மா என் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, வில்லையை மாற்றி மாற்றி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. என்னை அப்படியே விட்டுவிட்டுப் போய் அதை அணைத்தாள். ஊரே உருகுகிற பாட்டு அது. ஏழு வாரமாக முதலிடம்.

[ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருக்கத் தெரிந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்?]

2.

‘மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பெட்டியோடு வாசலில்…’

வேண்டாம். அன்றைக்கு மழையே இல்லை. பாட்டின் வீடியோவில்தான் கொட்டுகிறது.

‘அவளுடைய மனம் கண்ணாடியைப் போல…’

ஐயோ, கண்ணாடிக் கடைக்காரியிடம் போய் இதைப் படித்துக் காட்ட முடியுமா? நடந்ததையே சொல்கிறேன். பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அவளுடைய சொந்தத் தம்பி. அவர் கூப்பிடுகிற மாதிரி நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்காவும் வீட்டுக்காரரும் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசி, சண்டை சச்சரவு இல்லாமல், பிரிவது என்று முடிவெடுத்தார்கள். புதன்கிழமை காலை அவர் இரண்டு பெட்டிகளைக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தினமும் சொல்கிற மாதிரியே, “போயிட்டு வரேன்” என்றார். அக்காவும் ஈரக் கையைத் துடைத்தபடி, “பார்த்துப் போங்க” என்றாள். அவர் இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

(* தெருமுனைக் கடைக்குப் போனாலும் நமக்குப் ‘போயிட்டு வரேன்’தான். ‘போறேன்’ என்றால் வீட்டில் திட்டு விழும். திரும்பியே வராத ஆளுக்கென்று நம்மிடம் ஒரு வாக்கியம் இல்லை. மொழி அறிஞர்கள் யாராவது இதைக் கவனிக்கலாம்.)

3.

அந்தக் கூத்தை அக்கா தம்பியிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு முடித்தாள். பன்னிரண்டு வருடமாக மெத்தை விளம்பரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு அது போதாதா? முப்பது வயலின்களை வைத்து, அக்காவை நாலேமுக்கால் நிமிஷம் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டார். ‘போயிட்டு வரேன்’ மட்டும் பதினொரு தடவை வருகிறது. கடைசித் தடவை வயலின்கள் எல்லாம் நின்று, குரல் மட்டும் தனியாகத் தேம்புகிறது. ஊர் விழுந்துவிட்டது.

அக்காவும் விழுந்தாள், அதுதான் வினை. பாட்டு வருவதற்கு முன்னால் அவளுக்கு அது வெறும் வாய்ப்பழக்கம். பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் பதினொரு பதினொரு தடவையாகக் கேட்டுக் கேட்டு அது வாக்காகிவிட்டது. வரேன் என்றுதானே சொன்னார்?

இதற்கு நடுவில் அவள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையின் முதலாளியம்மா ஒன்று கேட்டிருந்தார். அடுத்த ஊரில் புதுக் கடை திறக்கிறோம், முழுப் பொறுப்பும் உனக்கு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல். ஐந்து வருடமாக அக்கா ஏங்கிக் கிடந்த வேலை. ஆனால் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போனவர் திரும்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தால்?

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அந்த வெள்ளிக்கிழமை.

4.

இந்த வீட்டுக்காரர்மேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நாற்காலியில் இருந்தபடியே மனசுக்குள் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்லவர், தேநீரைச் சத்தம் போட்டுக் குடிப்பார், அவ்வளவுதான். முடிவுகள் மட்டும் கைவசம் நிறைய இருந்தன:

அ) வருகிறார். வயலின்கள்.

ஆ) வருகிறார். கதவு பூட்டியிருக்கிறது. இன்னும் அதிக வயலின்கள்.

இ) பாட்டு தன்னைப் பற்றியது என்றே தெரியாமல், முகச்சவரம் செய்தபடி அதை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். [எனக்கென்னவோ இதுதான் நிஜம் என்று படுகிறது. ஆனால் அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லை.]

5.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கடைக்குள் நுழைந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டாம் பாகம் கேட்கிறார்களாம், அதில் போனவர் திரும்பி வர வேண்டுமாம், தலைப்புகூட ‘வந்துட்டேன்’ என்று வைத்தாகிவிட்டதாம். சொல்லிவிட்டு, என்னைக் கண்டுகொள்ளாமல் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“அக்கா, மாமா வருவாரா? உனக்கு என்ன தோணுதோ அதையே எழுதிடறேன்.”

அக்கா நான் கழற்றிக் கொடுத்திருந்த பழைய கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“வருவாரான்னு நீ கேக்கற. ஊரே கேக்குது. இதோ இவங்களும் வந்ததுலேர்ந்து அதையேதான் கேக்கறாங்க.” அவள் குரல் உயரவில்லை. “நான் அங்க இருப்பேனான்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையேடா. எனக்கே இப்பதான் தோணுது.”

எனக்குச் சுருக்கென்றது. மனசுக்குள் நாலு பகுதி எழுதி முடித்தாயிற்று, மூன்று முடிவு தயார். மூன்றிலும் அவரைத்தான் காட்டியிருக்கிறேன். அவள் எங்கே என்று ஒன்றில்கூட எழுதவில்லை.

போன் அடித்தது. முதலாளியம்மா. அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக் கதவுதான். அந்தப் பக்கம் அவள் தலை அசைந்தது தெரிந்தது. மேலும் கீழுமா, இந்தப் பக்கம் அந்தப் பக்கமா, அது தெரியவில்லை. என் கண்ணாடி அவள் கையில். தம்பியைக் கேட்கலாம் என்றால் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உங்களுக்குப் பார்வை நன்றாக இருக்கும். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததை எனக்கும் தம்பிக்கும் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் எழுதிவிடுவோம்.