நத்தை முத்திரைக்காரரைத் தேடி

பிரான்சின் மலையூரான சான்-குளோதில் பஸ் ஓட்டும் அர்மானுக்கு மலைப்பாதையின் வளைவெல்லாம் அத்துப்படி. பனி எங்கே வழுக்கும், எந்தக் கிழவர் கையைக் காட்டாமலே ஏறுவார் என்பதெல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அவரிடம் இருந்த ஐந்து பழைய புகைக்குழாய்களைச் செய்தது யார்?

அந்த ஊரில் புகையிலை பிடிக்கும் பைப்புக்கா பஞ்சம்? தலைமுறை தலைமுறையாக அதைத்தானே செய்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் இந்த ஐந்தும் தனி ரகம். புகையிலை அடைக்கும் கிண்ணத்தைத் தடவினால் எங்கே வளைவு தொடங்குகிறது என்றே விரலுக்குத் தெரியாது. அதைக் கடைந்த மரவேரின் ரேகைகள் அடியிலிருந்து விளிம்புவரை கோணாமல் ஏறியிருக்கும். தண்டின் அடியில் அரிசியளவு நத்தை ஒன்று குத்தப்பட்டிருக்கும். பெயர் கிடையாது, ஊர் கிடையாது.

வருடக்கணக்காக அலைந்தார் மனிதர். ஆற்றோரம் இருந்து மூடிப்போன பழைய பட்டறையின் சரக்கு என்பது வரை துப்பு கிடைத்தது. அங்கே வேலை பார்த்ததாகத் தெரிந்த ஒருவரையும் விடவில்லை. நத்தை என்று சொன்னதும் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"நத்தையா? எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று கதவைச் சாத்தினார் மார்சோ கிழவர். இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அதோடு திரும்பியிருப்பார்கள். அர்மானுக்கோ வெறி கூடியது.

"இத்தனை பேர் மூடி மறைக்கிறாங்கன்னா, அந்த ஆளு எவ்வளவு பெரிய கலைஞனா இருந்திருக்கணும், கொலெத்!"

"மறைக்கிறாங்களா, உன் தொல்லை தாங்காம ஓடுறாங்களான்னு முதல்ல கண்டுபிடி" என்றாள் அவர் மனைவி.

கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அந்தப் பட்டறையின் மன்னன் யார் என்று கேட்டால் ஊரே சொல்லும் பெயர் அஷீல் மொன்னரே. அப்படியானால் நத்தை முத்திரையும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? நகரசபை நம்பிவிட்டது. அஷீலின் பெயரைச் செதுக்கிய கல் தயார். ஞாயிற்றுக்கிழமை பைப்புத் திருவிழாவில் திறப்பு. பேச்சாளர், சாட்சாத் அர்மான்தான். புதுக் கோட்டு தைத்தாயிற்று.

சனிக்கிழமை பழஞ்சாமான் சந்தையில்தான் வினை காத்திருந்தது. பழைய விளக்கும் பொத்தானும் விற்கும் லூசியென் அம்மாள் வாயில் பைப்போடு உட்கார்ந்திருந்தாள். சாம்பலைத் தட்ட அதைக் கவிழ்த்தாள். தண்டின் அடியில் நத்தை.

"மதாம்! அது... அது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" அர்மான் மேசைமேல் குனிந்தார்.

"கிடைக்கிறதாவது? நான் செஞ்சது."

"இல்ல மதாம். அது அஷீல் மொன்னரே செஞ்சது. நாளைக்கு அவருக்குக் கல்லு..."

அந்தப் பெயரைக் கேட்டதும் லூசியென் பைப்பை மேசையில் ஓங்கி வைத்தாள். விளக்குகள் கிணுகிணுத்தன.

"அஷீலா? அந்தப் பறக்காவெட்டியா? யோவ் டிரைவரே, அவன் செஞ்ச பைப்புல ஊதினா விசில்தான் வரும்! நத்தைன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்க பட்டறையில கணக்கு எடுப்பாங்க. வாரத்துல யாரு ரொம்பக் கொஞ்சமா முடிச்சாங்களோ, அவங்க சோம்பேறி. அவங்க பைப்புல நத்தையைக் குத்துவாங்க. சுத்தி நின்னு 'நத்தை, நத்தை'ன்னு ஊளை விடுவாங்க. முதலாளி அந்தச் சரக்கைப் பாரிசுக்கு அனுப்ப மாட்டாரு. உள்ளூர்லயே கூடையில போட்டுத் தள்ளிவிட்டுருவாரு."

"அப்போ ஒரே ஆளு இல்லையா?"

"வாரத்துக்கு ஒரு ஆளு! உங்க அஷீலுக்கு ஒரு தடவைகூட விழல. முத்திரையும் சுத்தியலும் அவன் கையிலதான் இருந்துச்சு."

அர்மான் அங்கிருந்த பழைய நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு முத்திரை என்றால் ஒரு கை என்று எண்ணியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! கதவைச் சாத்தியவர்கள் ஒரு மேதையை மறைக்கவில்லை. தங்கள் தலைக்குனிவைத்தான் மறைத்தார்கள்.

"இதை நான்தான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சுது, உங்க பஸ் சக்கரத்துல காத்து இருக்காது" என்றாள் லூசியென். "இந்த வயசுல மறுபடியும் நத்தைன்னு பேர் வாங்க என்னால முடியாது."

மதிய உணவில் அர்மானுக்குச் சீஸ்கூட இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் கல் திறப்பு நடக்கும், கைதட்டல் அவருக்கு. திறந்தால் ஊர் சிரிப்பு.

"பேசாம இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் மனைவியிடம்.

"உனக்குத் தெரியுமே" என்றாள் கொலெத். "தெரிஞ்சுக்கத்தானே இத்தனை வருஷமா என் உயிரை வாங்கினே?"

ஞாயிறு. வாத்தியம் முழங்கியது, சதுக்கமெங்கும் புகையிலை மணம். மேயர் கல்லை மூடிய துணியின் கயிற்றைப் பிடித்தபடி தயாராக நின்றார். அர்மான் ஐந்து பைப்புகளும் இருந்த பெட்டியோடு மேடை ஏறினார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தார். மேயரின் கை கயிற்றிலேயே உறைந்தது.

யார் பெயரையும் சொல்லாமல், சனிக்கிழமை நத்தையின் கதையை மட்டும் சொன்னார். "இதுல எந்தப் பைப்பு யாருதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். உலகத்துல நான் பார்த்ததிலேயே அழகான பைப்பு இந்த அஞ்சும்தான். அவசரப்படாதவங்க செஞ்சது. அவங்க இங்க இருந்தா, நான் தொப்பியைக் கழட்டுறேன்." கழற்றினார்.

போச்சு, மானம் போச்சு என்று நினைத்தார் அர்மான்.

மூன்றாவது வரிசையில் லூசியென் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கு நாலு தடவை!" என்று கத்தினாள்.

"நாலுதானா?" மார்சோ கிழவர் கைத்தடியை ஊன்றித் துள்ளி எழுந்தார். "எனக்கு ஏழு! என்னை மிஞ்சின சோம்பேறி எவன் இருக்கான் இந்த ஊர்ல?"

"பொய் சொல்லாதய்யா, அதுல ரெண்டு என்னுது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வெட்கப்பட்டு வாயடைத்துக் கிடந்தவர்கள் இப்போது நத்தைக்காக அடித்துக்கொண்டார்கள். நாயை அவிழ்த்துவிட்டவர்கூட எழுந்து மூன்று விரல் காட்டினார்.

பெட்டி கைக்குக் கை மாறியது. மார்சோ ஒரு பைப்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். "என்னுதுதான். அந்த வாரம் பூரா மரத்தை எங்க பார்த்தேன்? எதிர் மேசையையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"எதிர் மேசையில நான் இல்லையே!" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. சதுக்கமே வெடித்துச் சிரித்தது.

லூசியென் கையில் எடுத்ததை வைக்கவே இல்லை. "என் பொண்ணுக்குப் பல்லு முளைச்ச வாரம் இது. ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது. வேலையில கையே ஓடல. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அழுதேன்" என்றாள். பைப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அடேங்கப்பா, எவ்வளவு நல்லா செஞ்சிருக்கேன்!"

அர்மானுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

அஷீலின் பேரன் மட்டும் பாவம், கல்லருகே நின்று விழித்தான். "எங்க தாத்தாவுக்கு ஒண்ணுகூட இல்லையா?"

"அவன் ரொம்ப வேகம்ப்பா. கொடுத்து வைக்கல" என்றார் மார்சோ. பேரனும் சிரித்துவிட்டான். தாத்தாவின் பெயர் பின்பக்கம் போகும்படி கல்லைத் திருப்பி வைக்க முதலில் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

கூட்டம் கலைந்தபோது கொலெத் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"என்ன இது, ஒண்ணைக்கூடக் காணோம்? இத்தனை வருஷமாச் சேர்த்தது!"

"யாருதுன்னு கண்டுபிடிக்கத்தானே தேடினேன்?" என்றார் அர்மான், வெறும் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "கண்டுபிடிச்சாச்சு. அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."