வண்டி நின்ற இடத்தில் வெர்ல் இல்லை

வருடத்தில் பத்து மாதம் என் கணவன் வெர்ல் பொய் சொல்லமாட்டான். ஏப்ரல் பிறந்துவிட்டால் மட்டும் அவன் வாயிலிருந்து வரும் இடப்பெயர் ஒன்றையும் நம்ப முடியாது. கிழக்கு என்று சொன்னால் மேற்கே போயிருப்பான். வயோமிங்கில் எங்கள் பள்ளத்தாக்கு ஆண்கள் எல்லோரும் அப்படித்தான், பெண்களிலும் பாதிப் பேர். குளிர் முடியும்போது எல்க் மான்கள் கொம்பை உதிர்த்துவிட்டு மேலே ஏறிப் போகும். அதைப் பொறுக்கி விற்றால் நல்ல காசு. எந்தச் சரிவில் உதிர்க்கும் என்பது அவனவன் ரகசியம். இந்த ஊர்க்காரன் தன் வங்கிக் கணக்கைச் சொன்னாலும் சொல்வான், அந்தச் சரிவைச் சொல்லமாட்டான்.

மே முதல் தேதி காலை ஆறு மணிக்குத்தான் கொம்பு பொறுக்க மலையைத் திறப்பார்கள். அன்று விடியும் முன்னே வெர்ல் கிளம்பினான். கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டான். கொண்டு போனால் அது அவன் நடக்கும் வழியெல்லாம் கோடு போட்டு வைத்துக்கொள்ளுமாம்.

"வில்லோ ஓடைப் பக்கம் போறேன்," என்றான்.

"அப்ப வில்லோ ஓடையில நீ இருக்கமாட்ட. சரி, போயிட்டு வா."

"கெட்டிக்காரிடி நீ. சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துருவேன். உருளைக்கிழங்கு நெறைய வேக வை."

உருளைக்கிழங்கு ஆறிப்போனது. மறுபடி சூடு பண்ணினேன். மறுபடியும் ஆறியது. அவன் வரவில்லை.

மறுநாள் காலை அவன் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வில்லோ ஓடையில், பாதை ஆரம்பிக்கிற இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றது. மீட்புக் குழுவை நடத்துகிற டெஸ்ஸா ஹோல்முக்கு முகம் மலர்ந்துவிட்டது. மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். தெற்கிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, பாவம்.

"வண்டி கிடைச்சாச்சு லரூ. பக்கத்துலதான் இருப்பாரு. கவலப்படாதீங்க."

"வண்டி இங்க நிக்குதுல்ல? அப்ப அவன் இங்க இல்ல," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், தூங்காத பெண் உளறுகிறாள் என்று அவள் நினைப்பது தெரிந்தது. விளக்கிச் சொன்னேன். இங்கே வண்டியை விட்டால் மற்றவர்கள் இந்த ஓடையையே சல்லடை போட்டுச் சலிப்பார்கள். அவன் முகட்டைத் தாண்டி வேறெங்கோ இறங்கியிருப்பான். தடம் பதியக் கூடாதென்று பனியை விட்டுப் பாறைமேலேயே நடந்திருப்பான்.

"வேறெங்கன்னா எங்க?"

"தெரியாது."

"உங்க புருஷன் போற இடம் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன்பு தெரிந்திருந்தது. அன்று என் தம்பி கார்ன் வீட்டு விருந்தில் ஆப்பிள் பை தின்றுகொண்டே வாயை விட்டேன். வெர்ல் கொண்டுவந்த ஒரு ஜோடிக் கொம்பைப் பற்றிப் பெருமை. இடமும் வலமும் ஒரே மானுடையது, பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று கார்ன் கேட்கக்கூட இல்லை. நானே சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த மே மாதம் வெர்ல் போய்ப் பார்த்தபோது சரிவு துடைத்து வைத்த தட்டாக இருந்தது. வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டியா, லரூ?" என்று கேட்டான். தலையாட்டினேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அன்றே தீர்ந்திருக்கும். அவன் கத்தவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டான், அதை என்னிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான். மற்றபடி எங்கள் குடித்தனத்தில் ஒரு குறையும் இல்லை.

எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று டெஸ்ஸா கேட்டாள். இருந்தது. ஒவ்வொரு கொம்பின் அடியிலும் வருடத்தையும் இடத்தையும் மையால் எழுதி வைப்பான். வீட்டுக்குப் போய், கொட்டகையிலிருந்து ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டேன். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தாள். பாதிரியார் தொப்பி. காபி கொட்டின இடம். லரூவோட கோபம்.

"இதெல்லாம் எங்க இருக்கு?"

"அவன் மண்டைக்குள்ள."

அவன் இருபது வருடம் நடந்த மலை முழுவதும் என் கையில் இருந்தது. எனக்கு அதில் ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லை. அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

வெர்லைத் தேட அதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். குதிரை கொண்டு வந்தவர்கள், சூப்புப் பானை கொண்டு வந்தவர்கள், வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவன் கார்ன்தான். எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். கோப்பை நிரம்பியதைக்கூடப் பார்க்காமல் ஊற்றிப் பாதியைத் தரையில் கொட்டினான். மாமன்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டெஸ்ஸா வண்டியின் முகப்பில் வரைபடத்தை விரித்தாள்.

"நேத்து நீங்க எல்லாருமே மலையிலதான் இருந்தீங்க. யார் யார் எங்க இருந்தீங்கன்னு ஒரு புள்ளி வையுங்க. அந்த இடங்கள விட்டுட்டு மீதிய தேடலாம். பத்து நிமிஷ வேல."

பேனா வரைபடத்தின் மேலேயே கிடந்தது. ஒருவன் தொப்பியைச் சரி செய்தான். ஒருவன் குதிரையின் வயிற்று வாரை இழுத்துப் பார்த்தான். இன்னொருவன், "நான் அங்கங்க சுத்திக்கிட்டு இருந்தேன்," என்றான்.

"அங்கங்கன்னா?"

"பொதுவா, வடக்க."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். "உங்க கொம்பு எவனுக்குடா வேணும்? என் புருஷன் எங்கயோ கிடக்கான்!"

"அதான் தேடப் போறோமே, லரூ," என்றார் ஒரு பெரியவர், உண்மையான வருத்தத்தோடு. "கால் தேயற வரைக்கும் தேடறோம்."

தேடினார்கள், அதில் நான் குறை சொல்லமாட்டேன். இடுப்பளவு பனியில் இறங்கினார்கள், உயிரைக் கொடுத்துத் தேடினார்கள். ஒரு புள்ளி வைக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. அவர்களை என்ன சொல்ல? வெர்ல் அங்கே நின்றிருந்தாலும் தொப்பியைத்தான் சரி செய்திருப்பான்.

மதியம் ஒரு மணிக்கு மேகம் இறங்கி முகட்டை மூடியது. மேலிருந்து தேட வந்த ஹெலிகாப்டர் திரும்பிப் போய்விட்டது. இரண்டு மணிக்குப் பனி விழ ஆரம்பித்தது. மூன்று மணிக்கு, நான் தனியாக உட்கார்ந்திருந்த வண்டிக்குள் கார்ன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"அக்கா."

"என்னடா?"

"மாமா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்னு நெனக்கிறேன்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடியில் விழுந்து உருகுகிற பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போன வருடம் வெர்லின் தடத்தைப் பிடித்துப் பின்னாலேயே போய் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். நேற்று வெர்லுக்கு முன்னால் மறுபக்கமாக ஏறி அங்கே போய்விட்டான். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மேலே பாறை சரிகிற சத்தம் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, கரடிக்குப் பயந்து வெர்ல் எடுத்துப் போகும் துப்பாக்கியின் சத்தம்.

"எத்தன?"

"மூணு."

"மூணு வேட்டுன்னா உதவிக்குக் கூப்பிடறதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரியுமா!"

"என்னப் பாத்துட்டாருன்னு நெனச்சேன்க்கா. மெரட்டத்தான் சுடறாருன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கிட்டா வசதியா இருந்துச்சு. மூட்டையத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன். காலையில இங்க வந்து பாத்தா மாமா வண்டி. சொல்லணும்னு ஒவ்வொரு நிமிஷமும் வாயெடுக்கறேன். வரமாட்டேங்குது."

ஒரு முழு இரவு. அதற்கு மேல் பாதிப் பகல். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த மலையில் வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்து டெஸ்ஸாவிடம் கொண்டு போனேன். அவன் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தான். அன்று வைக்கப்பட்ட ஒரே புள்ளி.

வண்டிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் இரண்டு முகடுகள். என்னை வரவேண்டாம் என்றாள் டெஸ்ஸா. நான் ஏற்கெனவே குதிரைமேல் இருந்தேன். இரண்டரை மணி நேரம் கார்னின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் திரும்பினால் திரும்பினேன், நின்றால் நின்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு வெறுத்த முதுகு இல்லை. அவ்வளவு நம்ப வேண்டியிருந்ததும் அதைத்தான்.

ஒரு பாறையின் அடியில் வெர்ல் கிடந்தான். கால் பார்க்கச் சகிக்காதபடி மடங்கியிருந்தது. சட்டை ரத்தத்தில் நனைந்து உறைந்து விறைத்திருந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. கார்ன்தான் முதலில் ஓடிப் போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டான். வெர்ல் அவனையே வெகுநேரம் பார்த்தான். அப்புறம் அவன் தோளுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற என்னைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா, லரூ?" என்றான்.

அதே குரல். கோபமே இல்லாத குரல்.

"இல்ல வெர்ல், எனக்கே தெரியாது, நான் சொல்லல, இவன்தான்..." என்று ஆரம்பித்தேன். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. டெஸ்ஸா வரவழைத்த ஹெலிகாப்டர் தலைக்குமேல் வந்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் காதோரம் குனிந்து மறுபடி சொன்னேன். அவன் கண்ணை மூடியிருந்தான். டெஸ்ஸா என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், கயிறு இறக்க இடம் வேண்டுமாம். அவனைக் கட்டித் தூக்கினார்கள். எனக்கு அதில் இடமில்லை என்று சைகை காட்டினார்கள்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில், வானத்திலேயே, அவன் போய்விட்டான். நான் அப்போது கார்னின் பின்னால் மலை இறங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே போனான், அந்த மட்டும் உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று ஊரில் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். பார்த்தான், இல்லையென்று சொல்லவில்லை. எப்படியோ அவன் இடத்தைத் தெரிந்துகொண்டு, நான்தான் அவனை இரண்டாம் முறையும் காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தான். அது அப்படியில்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் இனி யாரிடம் போய்க் கேட்பேன்?