முதல் கரண்டி

வல்லக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா. சேவை செய்து இருபத்தைந்து வருஷமாம். யார் யாருக்குச் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொறுப்பாளர் ரஞ்சனியம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

இங்கே ஒரு வழக்கம். யார் செலவில் சாப்பாடோ, அவர் கையால் முதல் கரண்டி விழுந்த பிறகுதான் நாங்கள் இலையில் கை வைக்கலாம். பிறந்தநாளோ திதியோ, எதுவானாலும் அப்படித்தான். அன்றைக்கு விருந்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் செலவு. அதன் பெரிய அதிகாரி வந்து பரிமாறுவார் என்றார்கள்.

எங்களுக்குப் புது வேட்டி கட்டி, பந்தலில் வெறும் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஏசுவடியான். அறையிலும் பக்கத்துக் கட்டில்காரன். சர்க்கரை வியாதி. தினமும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நர்ஸ் ஜாஸ்மின் அவனுக்கு இன்சுலின் ஊசி போடுவாள். போட்ட கையோடு சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் சுருண்டுவிடும். அன்றைக்கும் போட்டுவிட்டாள். அதிகாரிதான் வரவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரம், கம்பெனி பஸ்களுக்கு நடுவில் கார் மாட்டிக்கொண்டதாம்.

"இன்னாய்யா, குளிச்சிட்டு வந்தவன் மாரி வேர்க்குது உனக்கு?" என்றேன்.

"உன் மூஞ்சிய எதிர்ல வச்சிகினு இருந்தா யாருக்குத்தான் வேர்க்காது, முனிரத்தினம்?"

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இலைமேல் வைத்திருந்த விரல்கள் நடுங்கின.

கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். ரஞ்சனியம்மா மாலையோடு நின்றாள். ஜாஸ்மின் கையில் ஆரத்தித் தட்டு.

"யம்மா, ஏசுவடியானுக்கு ஊசி போட்டாச்சி, சோறு போடல. ஆளு நடுங்குறான். ஒரு பிடி சர்க்கரையாவது குடு."

"போன வாரம் பால்ல தண்ணின்னீங்க. அதுக்கு முன்ன மாத்திரை பழசுன்னீங்க. இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இருங்க தாத்தா. வண்டி கிட்ட வந்துடுச்சி."

"மேடம், நான் ஒரு நிமிஷம் பாத்துட்டு..." என்றாள் ஜாஸ்மின்.

"நீ தட்டைப் பிடி."

நான் சொன்னது எல்லாம் உண்மைதான். பாலில் தண்ணீரும் உண்மைதான். ஆனால் தினம் கத்துகிறவன் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்?

திரும்பி வந்து பாயச அண்டாவைத் திறந்து கையாலேயே அள்ளினேன். சுட்டது. பாதி வழியில் ஒழுகிப்போயிற்று. மிச்சத்தை அவன் வாயில் வைத்தால் பல் கிட்டியிருந்தது. தாடையில் வழிந்தது. அப்படியே என்மேல் சாய்ந்தான்.

அப்போதுதான் மேளம் தொடங்கியது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அதிகாரி உள்ளே வந்து பார்த்த பிறகுதான் மேளம் நின்றது.

"வயசானவங்க சார், வெயில் தாங்கல," என்றாள் ரஞ்சனியம்மா.

"வெயிலு இல்ல, பசி," என்றேன். அதிகாரி பாவமாக என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஏசுவடியானை இல்லத்து வேனில் ஏற்றினார்கள். ஜாஸ்மின் அழுதுகொண்டே ஏறினாள். நானும் படியில் கால் வைத்தேன்.

டிரைவர் டில்லிபாபு தடுத்தான். "எங்க ஏர்ற? ஆஸ்பத்திரில சொந்தக்காரங்களத்தான் கேப்பாங்க. நீ அவருக்கு இன்னா வேணும்?"

"பக்கத்துக் கட்டிலு."

"எறங்கு தாத்தா. நேரமாவுது."

கதவைச் சாத்தினான். கண்ணாடி வழியாக ஏசுவடியானின் கால் மட்டும் தெரிந்தது. வேட்டி விலகிக் கிடந்தது. அதை இழுத்துவிடச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டினேன். வேன் கிளம்பிவிட்டது.