சூடு தெரியாத கை

மன்றத்துப் பொங்கலன்று பானையை வெறுங்கையால் இறக்கி வைத்ததற்கு எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. பிடிதுணி எங்கே, பிடிதுணி எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள். எனக்குப் பொறுமை என்பது கிடையாது. வலது கையில் மேல்துண்டைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் அப்படியே பானை விளிம்பைப் பிடித்து இறக்கிவிட்டேன். தோல் ஷாப்பு கைன்னா சும்மாவா என்றான் முனிரத்தினம். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன், மடையன்.

எங்கள் முதியோர் மன்றம் ஆம்பூரில் கோயில் ஹாலில் வியாழக்கிழமை மதியம் கூடும். வேலூரில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன ஆக்னஸ் சிஸ்டர் ஆரம்பித்தது. வெயில் காலத்தில் பானகம், நீர்மோர். ஐப்பசியில் கண் முகாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு, தையில் பொங்கல், பங்குனியில் வேன் பிடித்துப் பள்ளிகொண்டா கோயில். வேதக்காரர், இந்து என்ற பேச்சே இல்லை. மிச்ச நாளெல்லாம் கேரம் போர்டு. நானும் முனிரத்தினமும் ஒரு செட்டு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, என்னைப் பச்சையப்பா என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்த இடம் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது பார்த்தேன். இடது உள்ளங்கையில் மூன்று கொப்புளம். ஒன்று உடைந்து தோல் உரிந்து தொங்கியது. வலி மட்டும் இல்லை. கிள்ளிப் பார்த்தேன், கடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

ஒரு வருஷமாகவே அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. பீடி சுட்டால் தெரியாது. தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் இருபத்தெட்டு வருஷம் தோலைப் புரட்டிய கை, காய்த்துப் போய்விட்டது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். ஆனால் குழியில் இரண்டு கையும்தானே கிடந்தன? வலது கையில் டீ டம்ளர் சுடுகிறதே? சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தேன். முழங்கைப் பக்கம் வெளிறின படை ஒன்று. அதற்குப் பெயர் எனக்குத் தெரியும். சம்பத்தை விரட்டும்போது அந்தப் பெயரைக் கூவிச் சொன்னவனே நான்தான்.

சம்பத்தும் என்னோடு ஷாப்பில் இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மன்றத்தில் சேர வந்தான். காது மடல் தடித்திருந்தது, இரண்டு விரல் மடங்கியிருந்தன. நான் எழுந்து நின்று கத்தினேன். அவன் குடிச்ச டம்ளர்ல நாங்க குடிக்கணுமா, பெருவியாதிக்காரன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும் என்றேன். சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. சம்பத் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது. கையில் கட்டுப் போட்டு, அருவாமணை பட்டுவிட்டது என்று சொன்னேன். கேரம் ஆடுவதை விட்டேன். வீட்டிலிருந்து தனியாக டம்ளர் எடுத்துப் போனேன். கலெக்டர் ஆயிட்டியா என்று முனிரத்தினம் கிண்டல் செய்தான். பத்து வருஷமாக ஒரே காயை மாற்றி மாற்றித் தட்டினவன், அவனுக்கும் ஒட்டியிருக்குமோ என்று அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மன்றத்துக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் அறிவித்தார்: மாசி இரண்டாவது வியாழன் தோல் பரிசோதனை முகாம், ஒருத்தர் பாக்கியில்லாமல் வரணும்.

காட்பாடியில் ஒரு சாவு என்று பொய் சொல்லலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். மூன்று பஸ் வந்து போயிற்று. வராதவனைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது, திரும்பிவிட்டேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொடுவார்களாம், தொட்ட இடத்தைக் காட்ட வேண்டுமாம். இமைக்குள்ளிருந்து லேசாகப் பார்த்தே சமாளித்துவிடலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஆள் நான். திரைக்குப் பின்னால் சிஸ்டர் மட்டும். வலது கையைத் தொட்டார், காட்டினேன். இடது கையைத் தொட்டார், ஓரக்கண்ணால் பார்த்துக் காட்டினேன். அவர் தன் உள்ளங்கையால் என் இரண்டு கண்ணையும் பொத்தினார். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"இன்னும் தொடலையா சிஸ்டர்?"

"மூணு தடவ தொட்டுட்டேண்ணா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயதில், ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதேன். சிஸ்டர் அழவிட்டுவிட்டுப் பிறகு சொன்னார். தொழுநோய்தான், ஆறு மாதம் மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். எனக்கு இருக்கிற வகை மற்றவர்களுக்கு ஒட்டும் என்ற பயமே வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை, அவரும் சொல்லமாட்டார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அப்போ சம்பத்துக்கு மட்டும் ஏன் தீரல என்று கேட்டேன்.

"அவர் இங்க வர்றதுக்கு முன்னாடியே மாத்திரையெல்லாம் முடிச்சிட்டாருண்ணா. விரல் மடங்கினது பழசு. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க விடல."

ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு திரிந்தேன். மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் அவன் குடையோடு வாசல் தாண்டினது கண்ணில் நின்றது. பங்குனிக் கடைசியில் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டைத் தேடிப் போனேன். உட்காரச் சொன்னான். என் கைக் கட்டைப் பார்த்தான். உள்ளே போய் டீ கொண்டுவந்தான். அவன் டம்ளரில் ஒரு துணி சுற்றியிருந்தது. என் டம்ளரிலும் சுற்றியிருந்தது.

"நம்ம விரல நம்பாத. துணியோட பிடி" என்றான்.

வருஷப் பிறப்புக்கு மன்றத்தில் பானகம், வந்துவிடு, யாராவது ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உளறினேன்.

"வர்றேன். அன்னிக்கு எல்லார் எதிர்லயும் நின்னு சொன்ன இல்ல? அதே மாதிரி நின்னு சொல்லு, உனக்கும் வந்துகீதுன்னு."

சிஸ்டர் மூடி வைத்ததை நானே திறக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வருஷப் பிறப்பு வாரத்து வியாழக்கிழமை ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். தட்டில் பானகம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கென்று தனி டம்ளர் எடுத்துப் போகவில்லை. பாதி குடித்திருந்தேன், வாசலில் குடை தெரிந்தது. சம்பத் உள்ளே வராமல் படியிலேயே நின்றான். எழுந்தேன். சொன்னேன். எனக்குப் பெருவியாதி வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், சம்பத்துக்கு அப்போதே குணமாகியிருந்தது, தெரியாமல் கத்தினவன் நான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பக்கத்தில் இருந்த தனகோடியம்மாள் சேலையை இழுத்துக்கொண்டு எழுந்து போனார். இன்னொருத்தரும் எழுந்தார். பெஞ்சில் நான் மட்டும் மிஞ்சினேன்.

"அப்போ இவன் குடிச்ச டம்ளர்லதான் நாங்க குடிக்கணுமா சிஸ்டர்?"

கேட்டது முனிரத்தினம்.

சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சம்பத் படியேறி உள்ளே வந்துவிட்டான். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தான். நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து, என் கையிலிருந்த டம்ளரை வாங்கினான். மடங்கின விரல்களால் அதைப் பிடித்து, நான் வைத்திருந்த மீதிப் பானகத்தைக் குடித்துவிட்டு, காலி டம்ளரைத் தட்டில் வைத்தான்.