இரவலாய்த் தந்த ஒளி

செருமனியில் மைன் ஆற்றின் இருகரையிலும் எழுந்த குன்றுகளில் இலையுதிர்த்த கொடிமுந்திரித் தோட்டங்கள் நிரைநிரையாய் நிற்க, கோட்டை மதிலிற் படிந்த வெண்பனி இளங்கதிர் பட்டுச் செம்பொன் பூசியதுபோல் ஒளிர, வூர்சுபர்க்கு நகரம் கோயில் மணியோசையில் மெல்லத் துயிலெழுந்துகொண்டிருந்தது. அவ்வழகைக் காண இயலாத இருவர் மேட்டுத் தெரு வீடொன்றில் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். ஒருவர் விழியொளி இழந்தவர். மற்றவர் சினத்தால் விழி சிவந்தவர்.

சினந்திருந்தவர் வீப்கே ஆர்ம்சன் என்னும் உயிர் இயற்பியலறிஞர். குளத்துப் பசும்பாசியின் ஓரணு உயிர் ஒளியை நாடி நீந்துவது எதனால் என்னும் ஒற்றை வினாவுக்குத் தம் இளமை முழுவதையும் ஈந்தவர். அதன் மேனியில், நீலவொளி பட்டதும் திறந்து மின்துகள்களை உள்ளே விடும் நுண்கதவு ஒன்று உண்டென்று அவர் மொழிந்தபோது, "ஒன் கருவியில எங்கயோ மின்சாரம் ஒழுகுது, மொதல்ல அத அடைச்சுட்டு வாம்மா" என்று அவையிலிருந்த மூத்தோர் நகைத்தனர். அக்கதவைத் தவளை முட்டையிற் பொருத்தி, ஒளிபட்ட நொடியே பாய்ந்த மின்னோட்டத்தை அளந்து காட்டி, நகைத்த வாய்களை அவர் அடைத்தார். பின்னர், ஒளியுணரும் அணுக்கள் பட்டுப்போன விழியிலும் எஞ்சிய நரம்பணுக்களில் அக்கதவை நட்டால் பார்வையற்றோர் ஒளி காண்பர் என்னும் கனவு அவரைப் பற்றிக்கொண்டது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தமையால், தம் கண்டுபிடிப்பின் உரிமையை ஒரு மருந்துக் குழுமத்துக்கு நம்பி எழுதிக் கொடுத்தார்.

குழுமம் சோதனையாக விழிக்குள் ஊசிவழிச் செலுத்திய அம்மருத்துவத்தை ஏற்றவர்களுள் ஒருவர்தாம் எதிரே இருந்த அலோய்சு கெசுட்லர், முன்னாள் டிராம் ஓட்டுநர். வழக்கமான பகலொளி அக்கதவைத் திறக்கப் போதாதாகலின், ஒளியைப் பெருக்கி விழிக்குள் பாய்ச்சும் கண்ணாடி ஒன்றை அவர் அணிந்தார். மேசைமேற் குவளையும் பலகணி விளிம்பும் நிழலுருவாய்த் தோன்றிய அன்று, குறுக்கே சென்ற மனைவியை நோக்கி, "வால்ட்ராவ்ட், நீ என்னடி இப்படிக் குண்டாயிட்ட?" என்று கூவினார். "கண்ணு வந்ததும் ஒங்களுக்கு இதுதான் தெரிஞ்சுதா?" என்று அவள் அழுதுகொண்டே ஏசினாள்.

நோயுற்றோர் சிலரே, ஆதாயம் சிறிதே என்று கண்ட குழுமமோ அம்மருத்துவத்தையே கைவிட்டது. கண்ணாடியைத் திரும்பப் பெற அக்காலையில் குழுமத்தின் சார்பில் வந்தவன் பிராண்டிசு என்பான்; அதை முன்னறிந்தே வீப்கேயும் அங்கு வந்திருந்தார்.

"சோதனை முடிஞ்சா கருவி திரும்ப வந்தாகணுங்க, அதான் விதி."

"கண்ணுக்குள்ள ஊசி போட்டு வெச்சீங்களே, அதயும் தோண்டி எடுத்துக்கிட்டுப் போங்களேன்!" என்றார் அலோய்சு. "எனக்குக் குடுத்தது பார்வையா, இரவலா?"

அவன் வீப்கேயிடம் திரும்பினான். "உரிமைய எழுதிக் குடுத்தது நீங்கதானம்மா?"

"ஆமா, நான்தான். மனுசங்கன்னு நம்பிக் குடுத்தேன்." மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் தம் பையிலிட்டு அவர் எழுந்தார். "இத எடுத்தது நான். போய் வழக்குப் போடுங்க."

குழுமம் வழக்குத் தொடுத்தது. அதன் கொடையை நம்பி வாழ்ந்த ஆய்வு நிறுவனம், அவர் கட்டியெழுப்பிய ஆய்வகத்தை அவருக்கே பூட்டியது. வீப்கே அலோய்சிடம் திருப்பித் தந்த கண்ணாடியோ, உள்விளக்கு பழுதுற, மாற்றுவிளக்குத் தருவாரின்றி இலையுதிர்காலத்தில் அவிந்தது.

அடுத்த பனிக்காலத்தில், முகிலற்ற ஒரு நண்பகலில், வெண்பனி எதிரொளிக்கும் கடுவெயில் அக்கதவைத் திறக்கக்கூடும் என்றெண்ணி, வீப்கே அலோய்சைக் குன்றுச்சரிவுக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றார். நெடும்பொழுது அசையாது நின்ற அலோய்சு கை நீட்டினார்.

"வெள்ளைக்கு நடுவுல கறுப்பா ஒண்ணு... மரமா, நீங்களா டாக்டரம்மா?"

"நான்தான்!" வீப்கே வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. பனி பேஞ்சு வெயிலடிக்கிற நாலு நாளுக்காக நான் நன்றி சொல்ல மாட்டேன்."

சிரிப்பு அடங்கிற்று. "சொல்லாதீங்க. வழக்கு மன்றத்துல வந்து இதையே சொல்லுங்க."

"கூப்பிடாட்டியும் வருவேன்."

இருவரும் உறைபனி நொறுங்கச் சரிவிறங்கினர். இருளை ஒருவன் பொறுத்துக்கொள்ளலாம்; அது எவர் குற்றமும் அன்று. ஒளியைக் காட்டிப் பின் பறித்தவர் குற்றமோ பொறுக்கத் தக்கதன்று. அவ்விருவர் நெஞ்சிலும் மூண்ட சினம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டா.