தம்பி வீட்டு வாசலுக்கு ஒரு பேட்டரி

யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் தண்ணீர், எங்கள் அடுப்பு, எங்கள் விளக்கு. இது என் குடும்பத்துக்கு நான் வைத்த ஒழுங்கு. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் உத்தியோகத்தில் இருந்தவன் நான். பணியில் இருந்த காலம் முழுவதும் எந்தக் கடையிலும் ஒரு வாய் டீ குடித்ததில்லை. உறவுக்காரர்கள் தராசு வைத்திருப்பதில்லை. ஆனால் நாக்கு வைத்திருக்கிறார்கள். "வந்தாங்க, தின்னாங்க, படுத்தாங்க" என்று எங்களைப் பற்றி இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதுமில்லை.

ஓய்வு பெற்றதும், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் ஒன்றை வாங்கியது இதற்காகத்தான். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஒற்றை அடுப்பு, மடக்கு மேசை, ஒரு குட்டி ஃபிரிட்ஜ். முன்புறப் பெட்டியில் ஒரு பேட்டரி. விளக்கும் விசிறியும் ஃபிரிட்ஜும் அதை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டு இரவு தாங்கும். அதற்கு மேல் விளக்கு மங்கும், ஃபிரிட்ஜ் முனகும். எனவே யார் வீட்டு வாசலில் நின்றாலும் எங்கள் தங்கல் இரண்டு இரவுதான். திரும்பும் வழியில் கார் ஓட ஓட பேட்டரி மறுபடி நிறைந்துவிடும். "உங்க பாசமெல்லாம் பேட்டரி இருக்கிற வரைக்கும்தான்" என்பாள் என் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தம்பிக்கு இதய ஆபரேஷன் நடந்த பிறகுதான் சிக்கல் வந்தது. நல்லபடியாக வீடு திரும்பிவிட்டான். ஆனால் அறுத்த மார்பெலும்பு கூடும் வரை ஒரு வாளியைக்கூடத் தூக்கக் கூடாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவிக்கு லீவு தீர்ந்துவிட்டது. பகலெல்லாம் அவன் தனியாகக் கிடந்தான்.

"அக்கா, நீங்களும் மாமாவும் ஒரு மாசம் வந்து இருந்தீங்கன்னா நல்லாயிருக்கும்" என்று அவள் என் மனைவியிடம் போனில் சொன்னாள். "நான் எடுத்து வச்சுட்டுப் போற சாப்பாடு அப்படியே இருக்கு. கேட்டா, சுவரைப் பாத்துக்கிட்டு எப்படி சாப்பிடறதுங்கிறார்."

போகாமல் இருக்க முடியுமா? கூடப் பிறந்தவன்.

"போறோம். ஆனா முதல்ல பெரிய பேட்டரியா மாத்தணும்" என்றேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு? அவங்க வீட்டுல ப்ளக் பாயிண்ட் இல்லையா?"

"இருக்கு. அது அவங்க வீட்டு ப்ளக் பாயிண்ட்."

"அது உங்க தம்பி வீடுங்க."

"அதனாலதான் சொல்றேன். வெளியாளா இருந்தா காசைக் கொடுத்துட்டு நிமிர்ந்து வந்துடலாம். தம்பி கையில எப்படிக் காசு கொடுக்கிறது?"

என் சட்டையை இரண்டு உதறு அதிகமாக உதறினாள். "உங்ககிட்ட பேசினா எனக்குத்தான் ஃபியூஸ் போகும்" என்றாள்.

மறுநாள் பேட்டரிக் கடைக்குப் போனோம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண்மணிதான் முதலாளி. டீ சொல்லவா என்றாள், வேண்டாம் என்றேன். என் தேவையைக் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு மாசம் ஒரே இடத்துல நிக்கணும், ஃபிரிட்ஜும் ஓடணும்னா லித்தியம் பேட்டரிதான் சார். பழசு மாதிரி பாதியில மூச்சு வாங்காது. ஆனா உங்க பழைய சார்ஜர் இதுக்கு ஒத்து வராது, அதையும் மாத்தணும். கூரையில சோலார் தகடும் வேணும். எங்க போய் நிக்கப் போறீங்க? காடா, கடற்கரையா? நல்ல வெயில் படுமா?"

"வெயில் படாது. பெரிய மரம் இருக்கு. தம்பி வீட்டு வாசல்."

"ஓ. அங்க இன்னும் கரண்ட் வரலையா?"

"கரண்டெல்லாம் இருக்கு."

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். என் மனைவி திரும்பி, அலமாரியில் தொங்கிய வயர்களை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினாள். அவள் தோள் குலுங்கியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். தம்பியோட பேச்சுவார்த்தை இல்லையா?"

"என்னம்மா கேக்குறீங்க? அவன் என் உயிரு."

"சரி சார்" என்றாள் அவள், பேனாவை எடுத்துக்கொண்டு. "அப்போ மரத்தடிக்கு சோலார் வேண்டாம். இன்னும் பெரிசாவே போட்டுடலாம், வாரம் ஒரு தடவை டிரெய்லரைக் கார்ல மாட்டி ஓட்டி சார்ஜ் ஏத்திக்கோங்க. நாளைக்குள்ள சொன்னீங்கன்னா வரவழைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. தம்பி. செய்தி எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. மனைவி சமையலறையில் பாத்திரத்தை அவசியமில்லாமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, காட்டுக்குப் போறதுக்கு சாமான் வாங்குறீங்களாமே. என் வீட்டு வாசல்ல புலி நடமாடுதுன்னு யார் சொன்னா?"

"வாய் மட்டும் நல்லாத்தான் இருக்கு உனக்கு."

"அதை அறுக்கலையே, நெஞ்சைத்தானே அறுத்தாங்க."

"டேய், உனக்கு பாரமா இருக்கக் கூடாதுன்னுதான். நீயே முடியாம கிடக்கிற."

இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அண்ணே, ஆஸ்பத்திரியில என்னைத் தூக்கி உட்கார வச்சாங்க. முகம் கழுவி விட்டாங்க. பேரு தெரியாதவங்க. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதேதான். தண்ணி வேணும்னாலும் யாராவது எடுத்துத் தரணும். ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்ய முடியல. நீங்க வரீங்கன்னதும், சரி, ஒரு ப்ளக் பாயிண்டாவது நம்மால கொடுக்க முடியும்னு நெனச்சேன். அதையும் கடையில வாங்கிட்டு வரீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வாங்கிட்டே வாங்க. வந்தா போதும்."

போனை வைத்துவிட்டான்.

நான் வெளியே போய் டிரெய்லரின் முன்பெட்டியைத் திறந்தேன். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் எடுத்து வந்து பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். தேய்த்து முடித்த பிறகும் தேய்த்தேன். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஒரு வயித்துல பிறந்தவன்கிட்ட வாங்குறது கை நீட்டுறதுல சேராது" என்றேன், தலை நிமிராமல். "ஒழுங்கு ஒழுங்குதான். அது எந்த வாசலுக்குப் பொருந்தும், எதுக்குப் பொருந்தாதுன்னு இப்பத்தான் அளந்து பாத்தேன்."

"அப்படியா? சட்டத்துல திருத்தம் வந்தாச்சுன்னு கடைக்காரம்மாவுக்கு சொல்லிடட்டுமா?"

"நானே சொல்லுவேன்."

சொன்னேன். அந்த அம்மாள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தம்பியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

நாங்கள் போய் இறங்கியபோது அவன் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. மார்போடு ஒரு சின்னத் தலையணையைக் கட்டிப் பிடித்திருந்தான். இருமினால் தையல் வலிக்காமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்தது. என்னைவிட இளையவன் என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் டிரெய்லரை மரத்தடியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நீண்ட வயரைச் சுருள் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் மரத்து இலைகளைப் பார்த்தான். என் மனைவியும் அவன் மனைவியும் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றார்கள்.

தராசுக்காரர்களுக்கு உத்தரவு போட்ட வாய். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"டேய்... ஒரு ப்ளக் பாயிண்ட் வேணுமே."

"என்னது? வண்டி சத்தத்துல கேக்கல."

"வண்டியை எப்பவோ நிறுத்தியாச்சு. உதைப்பேன்."

"நெஞ்சுல மட்டும் உதைக்காதீங்கண்ணே" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது, தலையணையை இறுக்கிக்கொண்டான். இருமல் நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமையலறைதான் பக்கம். ஜன்னல் வழியா நீட்டுங்க" என்று உள்ளே நடந்தான்.

நீட்டினேன். அவன் மனைவி வாங்கிச் செருகினாள். ஸ்விட்சைத் தொடப் போனவளை அவன் தடுத்தான்.

"நில்லு. நான் போடறேன். ஸ்விட்ச் போடறது கனம் தூக்குறதுல வராது, டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

பட்டப்பகலில் டிரெய்லருக்குள் விளக்கு எரிந்தது. "எரியுதா?" என்று உள்ளிருந்து கத்தினான். "எரியுது, எரியுது" என்றேன். "நல்லா எரியுதா?" என்றான். "நல்லாவே எரியுது."

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. வயர் நடுவில் போவதால் அந்த ஜன்னலைச் சாத்த முடியாது. நாலு விரல் இடைவெளி எப்போதும் திறந்தே இருக்கும். அடுத்த அறையில்தான் அவன் கட்டில். முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நான் டிரெய்லரில் சாய்ந்தபோது, பெண்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. பிறகு அவர்கள் பேச்சு ஓய்ந்தது. அவன் இருமுவது கேட்டது.

"தலையணையை அணைச்சுக்கிட்டு இருமுடா" என்றேன், படுத்தபடியே.

"அணைச்சுக்கிட்டுதான் இருமறேன். உங்களுக்கு அங்க வரைக்கும் கேக்குதா?"

"ஜன்னலைச் சாத்த முடியலையே."

"தொந்தரவா இருந்தா சொல்லுங்க, வேற பாயிண்ட் பாக்கலாம்."

"ஒண்ணும் வேண்டாம். தூங்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே" என்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்."

நான் எழுந்து, தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டுப் படுத்தேன். அந்தப் பக்கம்தான் ஜன்னல்.